நல்ல இடம் பார்த்து எடுத்த படங்கள்

நீங்கள் எல்லோரும் சேர்ந்து அனுப்பிய வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. முன்பக்கத்தில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த கார்பன் சுருள் ஒன்றின் படம். அதற்குத் தங்க நிறம் வேறு பூசியிருக்கிறீர்கள். அந்த மைக்ராஸ்கோப்பில் நிறமே தெரியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓய்வு பெற்றவளுக்கு அனுப்புகிற அட்டை என்பதால் விட்டுவிடுகிறேன். படம் மிகவும் அழகாக இருக்கிறது. எனக்கு அதுதான் கவலை.

பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். வெடிவிபத்து, தீ, விஷவாயு என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். என் காலத்தில் நம் ஆய்வுக் கூடத்தில் எதுவும் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். என்னிடம் இருப்பது படம் எடுப்பதைப் பற்றிய ஒரு கதைதான். உங்களில் சிலர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

நம் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் கரி வளர்ப்பது. ஒரு வருடம் அறிவியல் தினத்துக்குக் கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, விருதுநகரிலிருந்து வந்திருந்த என் நாத்தனாரை அழைத்துப் போனேன். உலையிலிருந்து எடுத்த கறுப்புப் பஞ்சைக் காட்டினேன். "ஏன் மதினி, இம்புட்டுப் படிச்சிட்டு கரி புடிக்கவா ஐதராபாத் வந்தீங்க?" என்று கேட்டாள். எங்கள் திட்டத்தைப் பற்றி அதைவிடச் சரியான மதிப்பீட்டை எந்தக் குழுவும் எழுதவில்லை.

செம்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியான மணிகளாக்கி, திரவத்தில் கலந்து, பீங்கான் தகட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு உலர்த்துவோம். தகட்டை உலையில் வைத்து அசிட்டிலீன் வாயுவை உள்ளே விட்டால், ஒவ்வொரு செம்பு மணியிலிருந்தும் ஒரு கார்பன் இழை வளரும். பெரும்பாலும் நேராக வளரும். மணியின் ஒரு பக்கத்தில் வேகமாகவும் மறுபக்கத்தில் மெதுவாகவும் வளர்ந்தால் இழை வளைந்து வளைந்து ஸ்பிரிங் போலச் சுருண்டுவிடும். நேரான இழையை யார் வேண்டுமானாலும் வளர்ப்பார்கள். சுருண்டதுதான் எங்கள் பிழைப்பு. ரப்பரில் கலந்தால் அது ரப்பரோடு சேர்ந்து அமுங்கும், நீளும். எவ்வளவு அமுங்கியது என்பதை அதன் வழியாகப் போகிற மின்சாரத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தத் திட்டத்தில் உலையைப் பார்த்துக்கொண்டவள் கல்பனா. குடும்பம் அரக்கோணம்; அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்ததால் பிறந்து வளர்ந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டுத் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இந்திக்கும் தெலுங்குக்கும் தாவிவிடுவாள். அவளுடையது திட்டத்தோடு சேர்ந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அப்பா ஓய்வு பெறும் நேரம் நெருங்கியிருந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், கல்பனாவின் சம்பளத்தை நம்பி வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தால்தான் அந்தச் சம்பளம் தொடரும். இதை அவள் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மதியம் சாப்பிடும்போது வீட்டு புரோக்கர்களிடமிருந்து அவளுக்கு வரும் போன்களைக் கேட்டு எங்களுக்கே தெரிந்துவிட்டது.

அடுத்தவர் இம்தியாஸ் பாய். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அவர் கையில் இருந்தது. மொத்த நிறுவனத்துக்கும் அது ஒன்றுதான். எல்லாக் குழுக்களும் வரிசையில் நிற்கும், ஆளுக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த அரை மணி நேரத்துக்குள், வைக்கோல் போர் போலக் கிடக்கிற இழைகளுக்கு நடுவே அட்டகாசமான ஒரு சுருளைக் கண்டுபிடித்து நடுவில் நிறுத்தி எடுத்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதற்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இருந்தது: நல்ல இடம். "பாய், நல்ல இடம் கெடச்சுதா?" என்று கேட்போம். "ஹவ் மேடம், ஏ ஒன் இடம்" என்பார்; ஐதராபாத்தில் ஹவ் என்றால் ஆமாம். அவர் லீவில் இருக்கும் நாளில் யாரும் மைக்ராஸ்கோப் பக்கம் போக மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அனுப்ப எந்த ஸ்டுடியோவில் போட்டோ எடுப்பது என்று விசாரிப்பதைப் போன்ற விஷயம் இது. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

இப்படி எடுத்த படங்களைக் காட்டித்தான் திட்டத்துக்கு முதல் அனுமதி வாங்கினோம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையிலிருந்து பிரசாத் காரு எங்களைத் தேடி வந்தார். மருந்து பாட்டில்களுக்கு ரப்பர் மூடி செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை அவருடையது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் உடம்பில் எந்த இடம் அதிக நேரம் அழுந்துகிறது என்று காட்டும் ரப்பர் விரிப்பு ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய அம்மா கடைசி நாட்களில் படுக்கைப் புண்ணால் பட்ட பாட்டைப் பார்த்தவர். தகடுகளிலிருந்து சுரண்டி எடுத்த கறுப்புப் பொடியைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தோம். கோயில் பிரசாதத்தை வாங்குவதைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து ஒரு கூடை சீத்தாப்பழத்தோடு வந்தார். என் மேஜை மேல் கூடையை வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"தப்பு மாதே, மேடம்" என்றார். தப்பு தங்களுடையதுதான் என்று தெலுங்கில் ஒப்புக்கொண்டார்.

என்ன தப்பு என்று கேட்டேன். ரப்பர் விரிப்பு வேலை செய்யவில்லையாம். அழுத்தினாலும் சரி, இழுத்தாலும் சரி, மின்சாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வெறும் கரியைக் கலந்த ரப்பர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்ததாம். அவருடைய மிக்ஸர் பழையது, முரட்டுத்தனமானது. எங்களுடைய மென்மையான ஸ்பிரிங்குகளை எல்லாம் அது நொறுக்கித் தள்ளிவிட்டது என்று அவராகவே முடிவு செய்து மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

இங்கே உங்களில் யாராவது, "உடனே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே" என்று நினைக்கலாம். வரவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கம்தான் வந்தது. பெருந்தன்மையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். மிக்ஸரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஓட்டினார், பலனில்லை. இன்னும் மெதுவாக என்றேன். அதற்கும் பலனில்லை. கடைசியில் மிக்ஸரே வேண்டாம், கையால் கிளறுங்கள் என்றேன். ஜீடிமெட்லாவில் அவருடைய ஆட்கள் மூன்று பேர் கேசரி கிண்டுவது போல ரப்பர் கூழைக் கரண்டியால் கிண்டினார்கள். சரியாகக் கிண்டவில்லை என்று அவர் தினமும் அவர்களைத் திட்டியிருக்கிறார். அவ்வப்போது போன் செய்து "இன்கா மெல்லகா?" என்று கேட்பார். ஆமாம், இன்னும் மெல்ல என்று சொல்வேன்.

என்னைவிடக் கோபக்காரியான கல்பனா ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னாள். "மேடம், மிக்ஸருக்குப் போகாத தகட்டைப் பாக்கலாமா?"

"பாத்துட்டுத்தானேம்மா இருக்கோம், வாராவாரம்?"

"நாம எங்க மேடம் பாக்கறோம்? இம்தியாஸ் பாய் பாக்கறாரு. அவரு நமக்குக் காட்டறாரு."

கேள்வி அவ்வளவு எளிமையானது. எங்கள் குழுவில் இருந்த அத்தனை பேரும் அத்தனை வருடம் படித்துவிட்டு இதைக் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

அடுத்துக் கிடைத்த அரை மணி நேரத்தில் நானும் கல்பனாவும் மைக்ராஸ்கோப் அறைக்குப் போனோம். ஒரு சொட்டு காய்ந்து இழை வளர்ந்த இடத்தின் மேல் குறுக்காகச் சில வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் சம இடைவெளியில் படம் எடுக்க வேண்டும், எது கண்ணில் பட்டாலும் அதையே எடுக்க வேண்டும் என்று சொன்னோம்.

இம்தியாஸ் பாய்க்குப் புரியவில்லை. "கைக்கு மேடம்?" என்றார். ஏன்?

"என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் பாய்."

"என்ன இருக்குன்னு நான் சொல்றேன். நல்ல இடம் காட்டறேன்."

"நல்ல இடம் வேணாம். எந்த இடம் வருதோ அந்த இடம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. முதல் புள்ளிக்குப் போனார். திரை முழுக்க நேர் இழைகள். எடுக்காமல் மெதுவாக நகர்த்த ஆரம்பித்தார். கல்பனா "பாய்!" என்றாள். "கை தானா போவுது அம்மா, நான் என்ன செய்ய?" என்றார். உண்மையாகவே அவரால் முடியவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் அவர் விரல்கள் பழக்க தோஷத்தில் தகட்டை நகர்த்தும் திருகைத் தொட, கல்பனா "நக்கோ பாய், நக்கோ" என்று வேண்டாம் சொல்லித் தடுக்க, அவர் பெருமூச்சு விட்டுவிட்டு எடுப்பார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "மேடம், இந்தப் படத்துல என் பேர் போடாதீங்க. பத்து டிபார்ட்மென்ட்ல எனக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றார். கேலி இல்லாமல்தான் சொன்னார். நானும் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

படங்களை அன்று மதியமே பார்த்தோம். எங்கும் நேர் இழைகள். ஏதோ ஒன்றிரண்டு படங்களில், ஒரு மூலையில், ஒரு சுருள். வைக்கோல் போரில் தவறி விழுந்த ஜிமிக்கி மாதிரி. பிரசாத் காருவின் மிக்ஸர் எதையும் உடைக்கவில்லை. உடைப்பதற்கு நாங்கள் எதையும் கொடுத்திருக்கவில்லை.

வேறொரு சமயமாக இருந்திருந்தால் நிதானமாக யோசித்திருப்போம். ஆனால் பதினைந்து நாளில் எங்கள் திட்டத்தை மதிப்பிடும் ஆய்வுக் குழு வரவிருந்தது. இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தோம். பெரிய உலை, ஜீடிமெட்லாவில் தனி ஷெட், எல்லாம் அந்த ஒரு கூட்டத்தில் முடிவாகும். கல்பனாவின் வேலையும்தான்.

என் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மோசமான மனிதர் இல்லை அவர். கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு, "போன வருஷம் காட்டின படத்தையே காட்டுங்க. அது பொய் இல்லையே? யாராவது கேட்டா மத்ததைச் சொல்லுங்க. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்லணும்?" என்றார். இப்படிப்பட்ட யோசனையில் இருக்கிற சிக்கல், அதில் ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருப்பதுதான். படம் பொய் இல்லை. அந்தச் சுருள் எங்கள் உலையில் நிஜமாகவே வளர்ந்தது.

நான் அறைக்குத் திரும்பி வந்து கல்பனாவைக் கூப்பிட்டேன். நான் எடுத்திருந்த முடிவு இது: வரிசைப் படங்களைத்தான் காட்டப் போகிறோம், ஆனால் பேசப்போவது நான். என்ன நடந்தாலும் அது என் தலையில் விழட்டும். எனக்கு நிரந்தர வேலை. என்னை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, அதிகபட்சம் ஒரு கமிட்டியில் போடுவார்கள். அவளுக்கு வேறு வேலை தேட நான் எழுதித் தருகிற சிபாரிசுக் கடிதத்தில் ஒரு கறை விழாமலாவது இருக்கும்.

அவள் கேட்டுவிட்டு, "போன வருஷம் அந்த அழகான படத்தைக் காட்டிப் பேசினது யாரு மேடம்?" என்றாள்.

"நீதான்."

"அப்ப இதையும் நான்தான் பேசணும்."

"கல்பனா, இது உன் வேலை. யோசிச்சுக்கோ. அப்பாகிட்ட பேசிட்டு வா."

"அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். பிரேக் சரியில்லாத பெட்டின்னு தெரிஞ்சா பச்சைக்கொடி காட்டுவாங்களா, ஒர்க்ஷாப்ல கேளுன்னாரு." சொல்லிவிட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீடு அட்வான்ஸ் மட்டும் இன்னும் குடுக்க வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள். என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைத் திறப்பது போல எழுந்து போனேன். ஏசி அறை, ஜன்னல் திறக்காது.

ஆய்வுக் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் சொல்கிறேன். நீள மேஜை, ஐந்து நிபுணர்கள், ஓரத்தில் தொழில் பங்குதாரர் என்ற முறையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பிரசாத் காரு. கல்பனா முதலில் பிரசாத் காருவின் ரப்பர் வேலை செய்யவில்லை என்றாள். காரணம் அவருடைய மிக்ஸர் இல்லை, எங்கள் பொடி என்றாள். வரிசைப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். வைக்கோல், வைக்கோல், வைக்கோல்.

குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருடம் நீங்கள் காட்டியதில் முழுக்கச் சுருள்தானே இருந்தது?"

"ஆமாம் சார். அது சுருள் இருந்த இடம்."

"அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?"

மைக்ராஸ்கோப் ஆபரேட்டர் என்று சொன்னால் அதுவும் பொய் இல்லை. கல்பனா, "நாங்கள் சார்" என்றாள்.

மேஜையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் வாழ்நாளில் இப்படிப்பட்ட படங்களை நிறையக் காட்டியவர்கள். இரண்டு பேர் தண்ணீர் குடித்தார்கள். ஒருவர், "இது எல்லா இடத்திலும் நடப்பதுதான்" என்று சிரித்தார், யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். சுருள் ஏன் ஒரு சில இடத்தில் மட்டும் வருகிறது என்று தலைவர் கேட்டார். தெரியாது என்றாள் கல்பனா.

நான் எழுந்து, அதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும், ஆறு மாதமாவது இவளுடைய வேலையை நீட்டித்துத் தர வேண்டும் என்று கேட்டேன். முடிந்தவரை நன்றாகவே பேசினேன். தலைவர் மரியாதையாகக் கேட்டார். நேர்மையைக் குழு பாராட்டுகிறது, குறிப்பில் பதிவு செய்கிறோம், ஆனால் காட்டுவதற்கு ஒரு முடிவு இல்லாமல் நீட்டிப்பதற்கு வழியில்லை என்றார். முடிவு கிடைத்தால் பார்க்கலாம் என்றார். இரண்டாம் கட்டம் இல்லை, திட்டம் அதன் தேதியில் முடியும். மதியச் சாப்பாட்டில் நிபுணர்களில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "உங்கள் ஆபரேட்டர் வெளி ஆட்களுடைய மாதிரிகளையும் பார்த்துத் தருவாரா?" என்று கேட்டார்.

வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் பிரசாத் காரு எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் மேல் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. என்னை விட்டுவிட்டு நேராகக் கல்பனாவிடம் தெலுங்கில் பேசினார். "அம்மா, ஒரு மாசமா என் ஆட்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். தப்பு அவங்க மேல இல்லன்னு அத்தனை பெரியவங்க முன்னால சொன்னது நீ ஒருத்திதான். எங்க கம்பெனிக்கு வந்துடறியா?"

"சார், எனக்கு ரப்பர் தெரியாது."

"ரப்பர் நாங்க சொல்லித் தர்றோம்."

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். அவர் போன பிறகு நான் அவளிடம், அவசரப்படாதே, பாவம் பார்த்துக் கூப்பிடுகிறார், நீ படித்த படிப்புக்குப் பாட்டில் மூடியா என்றேன். அவள் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

திட்டம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. எங்களை இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆய்வுக் கூடத்தில் இதைவிட நிம்மதியான காலம் கிடையாது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கல்பனா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முன்பு எடுத்தது சில வரிசைகள்தான். இப்போது ஒரு முழுச் சொட்டையும் இண்டு இடுக்கு விடாமல் எடுக்க வேண்டும் என்றாள். இம்தியாஸ் பாய் சாப்பாட்டு இடைவேளையில் மைக்ராஸ்கோப்பைத் திறந்துவிட்டார். கூட்டத்தில் தன் பெயரை அவள் சொல்லவில்லை என்பது அவர் காதுக்குப் போயிருந்தது. இந்த முறை திருகைத் தொட வேண்டாம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படங்களை எல்லாம் சின்னதாக அச்செடுத்து, எடுத்த வரிசைப்படியே கருத்தரங்க அறையின் தரையில் பரப்பினாள். கைப்பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டைகளை எடுத்தாள். சுருள் இருக்கிற படங்களில் எல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு. ஒட்டி முடித்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தாள். என்னைக் கூப்பிட்டாள். அந்த வயதில் நாற்காலி ஏறுவது எனக்குச் சுலபமில்லை, ஆனாலும் ஏறினேன்.

தரையில் ஒரு பெரிய சிவப்பு வளையம் இருந்தது. நடுவில் ஒரு பொட்டுகூட இல்லை. காய்ந்த சொட்டின் விளிம்பில், விளிம்பில் மட்டும்தான் சுருள்கள்.

"அரே, இது கினாரா" என்றார் வாசலில் நின்றிருந்த இம்தியாஸ் பாய். கினாரா என்றால் ஓரம். நடுவில் எல்லாம் ஒரே மட்டம், எதன் மேல் ஃபோகஸ் வைப்பது என்று விளக்கினார். அதனால் எல்லா ஆபரேட்டரும் சொட்டின் ஓரத்துக்குப் போய், அங்கே இருக்கிற மேட்டில்தான் ஃபோகஸை நிறுத்துவார்கள். அங்கிருந்து நல்ல இடத்தைத் தேடுவார்கள். வேறு எங்கும் போக வேண்டிய தேவையே வந்ததில்லை.

மேஜையில் சிந்திய காப்பி காய்ந்தால் ஓரத்தில் கறுப்பாகக் கோடு விழுமே, அதேதான். சொட்டு உலரும்போது திரவம் செம்பு மணிகளை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போகிறது. விளிம்பு மெல்லியது, பெரிய மணிகள் அதற்குள் நுழைய முடியாமல் முன்னாலேயே நின்றுவிடும். கடைசி ஓரம் வரைக்கும் போவது மிகச் சின்ன மணிகள்தான். சின்ன மணியிலிருந்து வருகிற இழைதான் சுருள்கிறது. அப்படியென்றால் சொட்டு விடுவதை நிறுத்திவிட்டு, சின்ன மணிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பனி போலத் தூவினால் போதும். இரண்டு வாரத்தில் அதைச் செய்து பார்த்தோம். இம்தியாஸ் பாய் இந்தத் தகட்டில் சுருள் இல்லாத இடம் ஒன்றைத் தேடித் தரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். ரொம்பச் சிரமப்பட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழு விவரத்தையும் ஆய்வுக் குழுத் தலைவருக்கு அனுப்பினேன். அவரே போன் செய்து பாராட்டினார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும்: கல்பனாவின் வேலைக்கு இரண்டு வருட நீட்டிப்பு உத்தரவு வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வராண்டாவில் கிட்டத்தட்ட ஓடினேன்.

அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். "இது எதுக்காகக் குடுக்கறாங்க மேடம்?"

"எதுக்காகவா? சுருள் வந்ததுக்குத்தான்."

"பிரசாத் காரு எப்ப கூப்பிட்டாரு?"

"மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கு."

"அன்னைக்கு நம்ம கையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"அதான் மேடம்" என்றாள். "நாளைக்கே அங்க ஏதாவது தப்பாப் போச்சுன்னா, போய் அவர்கிட்ட பயமில்லாம சொல்லலாம். சொன்னதுக்கு வேலைக்கு வெச்சுக்கிட்டவரு. இங்க நீங்க இருக்கற வரைக்கும் பரவால்ல. அப்புறம்?" கோபமில்லாமல், புடவை விலை சொல்வதைப் போலச் சொன்னாள். அப்பாவுக்கும் சம்மதம், ஜீடிமெட்லா பக்கமே வீடு பார்த்தாகிவிட்டது என்றாள்.

மத்திய அரசு நிறுவனம், நல்ல பெயர், பிற்காலம் என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு பட்டியலே இருந்தது. அதில் ஒன்றுகூட அவள் சொன்னதற்குப் பதில் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. என் கீழே வேலை பார்த்தவர்களிலேயே நான் விட விரும்பாத ஆள் அவள்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சரி, போ என்றேன்.

நீங்களும் ஒரு நாள் குழுத் தலைவர்கள் ஆவீர்கள். ஒருத்தர் உங்கள் முன்னால் வந்து நின்று "ஒன்றும் வரவில்லை" என்று சொல்வார். அவரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய நாள் அதுதான். ஏதாவது வந்த பிறகு தக்கவைத்துக்கொள்ள யாருக்கும் தெரியும்.

தலைவருக்கு நானே போன் செய்து சொன்னேன். அங்கே சம்பளம் அதிகமா என்று கேட்டார். இல்லை, குறைவு என்றேன். பின்னே ஏன் என்றார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்.

எடுத்தாகிவிட்டது. உங்களில் ஒருவர் இப்போது உட்கார்ந்திருப்பது அந்த இடத்தில்தான்.